பேச்சி பூத்திருக்கா

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். மழை விட்ட காலையில் ஏழாயிரம்பண்ணை போகும் மினிபஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மற்றவள் அவளுக்கு மதினி முறை.

"இந்த மழைக்குப் பேச்சி எம்புட்டுப் பூத்திருக்கா, பாருங்க மதினி" என்று ஜன்னலோரத்துக்காரி வெளியே காட்டினாள். பூவை ஒரு ஆள் மாதிரிச் சொன்னதால் நான் பேப்பரை மடித்தேன்.

"அது மூக்குத்திப்பூ இல்ல?"

"எங்க கம்பெனியில அதுக்குப் பேச்சின்னுதான் பேரு. உரசிப் பொறி பறந்திரும்னு, உள்ள போகையில மூக்குத்தி, கம்மல் எல்லாம் கழட்டிரணும்ல. பேச்சி மட்டும் வெறும் மூக்கோட வரமாட்டா. இந்தப் பூவக் கிள்ளி மூக்குல சொருகிட்டுத்தான் வேலைக்கு உக்காருவா."

"எந்தப் பேச்சி? போன வருசம் வெடிச்சதுல போனாளே, அவளா?"

"அவதான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அவ வேலை பாத்த ரூமைச் சுத்தி இப்ப முழுக்க அந்தப் பூதான். செடி காஞ்சா தீப்பிடிச்சிரும்னு, தீவாளி லீவு முடிஞ்சு கம்பெனி தொறக்குமுன்ன வெட்டச் சொல்லிட்டாக. நேத்துல இருந்து அதான் வேலை."

"அவ ஆத்தாளும் இப்ப அங்கனதான வேலைக்கு வாரா?"

"ஆமா. நேத்து ஒரு கொத்தக் கையில பிடிச்சுக்கிட்டு, 'நீங்க எல்லாம் இதுக்கு என்னமோ பேரு சொல்லுவீகளாமே, என்ன பேரு'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீக?"

"களைதான், வெட்டுங்கன்னோம். வெட்டிட்டா."