குளிருக்குப் பழக்குதல்

இந்தத் தேநீருக்குக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டீர்கள், ஐயா. கொஞ்சம் ஆறவிட்டிருந்தால் கசந்திருக்காது. பரவாயில்லை, குடிக்கிறேன்.

என் மனைவி மிசாஹோ எப்படி இறந்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். செடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் சயாமா மேட்டில் தேயிலைக்குக் குளிர்தான் எமன். அதனால் நான் சயாமாகாவோரி போட்டிருக்கிறேன், உறைபனியைத் தாங்குகிற ரகம். பிறவியிலேயே அதற்கு அந்தத் தெம்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கோடையில் அதிலிருந்து ஒரு கிளையை வெட்டி உறைபெட்டியில் வைத்துப் பாருங்கள், கறுத்துப்போகும். அதே செடி நடுக்குளிர்காலத்தில் பனி மூடினாலும் பச்சையாக நிற்கும். இடையில் வந்தது இலையுதிர் காலம். ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிடக் கொஞ்சம் குளிர்கிறது. செடி பயந்துபோய், இலைக்குள் தண்ணீரைக் குறைத்துச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. இனிப்பான சாறு லேசில் உறையாது. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். பயம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

மிசாஹோ ககோஷிமாக்காரி. தெற்கே, கதகதப்பான ஊர். அந்த ஊர் ரகங்களை இங்கே நட்டால் முதல் குளிர்காலத்திலேயே பட்டை வெடித்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில், "உங்க ஊர்க் காத்துக்குப் பல்லு மொளச்சிருக்குங்க, கடிக்குது" என்று சிரிப்பாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு, அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றாள். அவளை இழக்க எனக்கு மனமில்லை. அதனால் பழக்கினேன்.

முறையாகத்தான் செய்தேன். இலை உதிரத் தொடங்கியதும் அவள் அறையிலிருந்து ஹீட்டரை எடுத்தேன். பிறகு கனத்த போர்வையை. பிறகு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த தாளை, கட்டம் கட்டமாகக் கிழித்தேன். அவசரப்பட்டால் செடி செத்துவிடும், ஐயா. கடைசியாக நாற்றுக் கொட்டகையில் படுக்க வைத்தேன். அதற்குக் கம்பி வலைதான் சுவர்.

"போதுங்க. ஊருக்குப் போறேன்னு இனிமே வாயத் தொறக்க மாட்டேங்க" என்பாள். போகப்போக அதையும் சொல்வதில்லை. நான் உள்ளே வந்தாலே எழுந்து நின்று சிரிப்பாள். தேறிவருகிறாள் என்று எனக்கு நிம்மதி.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரிலிருந்து என் அக்கா இக்குயோ வந்தாள். மிசாஹோவின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்டா, இவ உன் பொண்டாட்டியா, பதியம் போட்ட குச்சியா? மாட்டுக்குக்கூட வைக்கோல் விரிக்கிறாங்கடா!"

தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அடியில் ஹீட்டர் பொருத்திய கொதாத்சு மேசைக்குள், அந்தச் சூட்டில் காலை நீட்டவைத்து, சூடாக உதோன் நூடுல்ஸ் கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறாள். மறுநாள் போய், "புது ஹீட்டர் வாங்கிட்டேன்க்கா" என்றேன். அக்கா நம்பினாள். மிசாஹோ நம்பவில்லை. அக்காவின் கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தின் நடுவே திடீரென்று வெயில் அடித்தால், வசந்தம் வந்துவிட்டது என்று செடி ஏமாந்துவிடும். சேர்த்துவைத்த பலமெல்லாம் இறங்கிப்போகும். அதற்குப் பின் வருகிற பனிதான் கொல்லும். தேயிலை போடுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தனை நாள் நான் ஏற்றிவைத்ததை அக்கா ஒரே இரவில் இறக்கிவிட்டாள். நான் மிசாஹோவை அன்றே வீட்டுக்கு அழைத்துவந்து, விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தேன். அதே கொட்டகை, அதே மெல்லிய உடை. புதிதாக ஒன்றும் செய்யவில்லை, பூட்டியதைத் தவிர.

அன்று உறைபனி இறங்கியது. உள்ளிருந்து கதவைத் தட்டினாள். அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள், ஐயா. கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தட்டல் மெதுவாகி, நின்றது. ஒருவழியாகப் பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அதற்குமேல் எனக்குக் குளிர் தாங்கவில்லை, வீட்டுக்குள் போய்விட்டேன்.