அரிசியில்லாச் சமையல்

எனக்கு ரசம்கூட ஒழுங்காக வைக்க வராது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அங்கேதான் தொடங்குகிறது, ஐயா. ஆவடி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, நடந்ததை எழுதிக் கொடு என்றீர்கள். எழுதுவது எனக்குப் பிடித்த காரியம். யாரும் கேட்காமலே எழுதுகிறவள் நான்.

பெயர் தாட்சாயிணி, பி.ஏ. என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் ஆண்களிலும் பட்டம் வாங்கியவர் இல்லை. இண்டர்மீடியட்டில் இரண்டு தரம் தோற்ற மணியக்காரர் மகனுக்கு ரேஷன் ஆபீஸில் நாற்காலி கிடைத்தது. எனக்கு ஊரார் கடிதங்களைப் படித்துக் காட்டும் உத்தியோகம் கிடைத்தது. "கொஞ்சம் படி தாயி" என்று நீட்டுவார்கள். படித்து முடித்ததும், "இத்தினி படிச்சும் கண்ணாலம் ஆவலியே" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போவார்கள்.

மிச்சப் பொழுதுக்குப் புத்தகம் உண்டு. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பெட்டிக் கேமரா உண்டு. ஆறு கதைகள் எழுதி 'மாதர் சோலை' பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆறும் திரும்பி வந்தன. ஆறாவதோடு ஆசிரியர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: யுத்த காலம், அரிசி இல்லை, அரிசியில்லாத சமையல் பற்றி மாதம் ஒன்று, படத்தோடு, பன்னிரண்டு மாதத்துக்கு எழுத முடியுமா? முடியும் என்று அன்றே பதில் போட்டேன்.

பக்கத்து வீட்டு அங்கம்மா அக்கா அரிசியில்லாமலே வளர்ந்தவள். கம்பு, கேழ்வரகு, சாமை, பனங்கிழங்கு எதையும் அவள் கை ருசியாக்கிவிடும். ஆனால் அளவு கேட்டால் தெரியாது. "கண்ணுக்குத் தெரியும்மா, வாய்க்குத் தெரியாது" என்பாள். அவள் அள்ளிப் போடுவதற்கு முன் கையைப் பிடித்து நிறுத்தி, ஆழாக்கில் கொட்டி அளந்து எழுதிக்கொள்வேன். பிறகு சட்டியைக் கொல்லைக்கு எடுத்துப் போய்ப் பத்து மணி வெயிலில் படம் பிடிப்பேன். கருவாடு போட்டதில் கருவாட்டை எடுத்துவிட்டு வாழைக்காய் என்று எழுதுவேன். பத்திரிகை படிக்கிறவர்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அவள் எதிரில் இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது என்பதும் தெரியும்.

அவள் புருஷன் வீராசாமி பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். அவன் கடிதங்களையும் நான்தான் படிப்பேன்.

எட்டாவது மாதம் அந்தக் கடிதம் வந்தது. பூனாவில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து. வலது காலை எடுத்துவிட்டார்கள், ஜுரம் விடவில்லை, அங்கம்மா உடனே புறப்பட்டு வரவும், ரயில் பாஸ் இத்துடன் இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரன் எழுதிக் கொடுத்திருந்தான்.

அங்கம்மா கம்பங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். "இன்னா எழுதிகீறாரு?"

"சௌக்கியமாம். அங்கே மழையாம். உன் கைச் சோறு கிடைக்கவில்லையாம்."

"அதான் பாத்தேன். பட்டாளத்தான் ஆக்கினதத் துன்னா நாக்கு செத்துப்பூடும்." சிரித்தாள். "எப்ப வராராம்?"

"யுத்தம் முடியட்டும் என்கிறார்."

பாஸை அடுப்பில் போட்டேன். அது இன்னா காயிதம் என்றாள். வேண்டாத காகிதம் என்றேன். களி நன்றாக வந்தது.

அவள் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன். அவள் சொன்னது ஒன்று. நான் எழுதியது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் வருகிறேன் என்று. அவள் கேட்டு நான் எழுதாமல் போனதாக யாரும் சொல்ல முடியாது. அவளுடைய பெருவிரல் ரேகையும் அதில் இருக்கிறது.

இரண்டாவது கடிதத்தில் வரச் சொல்லிக் கெஞ்சியிருந்தான். வர முடியாவிட்டால் ஒரு போட்டோவாவது அனுப்பச் சொன்னான். போட்டோ கேட்டதை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் கல்யாணப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கொல்லையில் வந்து நின்றாள். பிலிம் சுருளில் கடைசிப் படத்தைச் சாமைப் பொங்கலுக்கென்று வைத்திருந்தேன். யுத்தத்தில் சுருள் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். லென்ஸை விரலால் மூடிக்கொண்டு, விசையை அழுத்தாமல் சும்மா கையை ஆட்டினேன். "நல்லா உய்ந்துச்சா?" என்றாள். நன்றாக விழுந்தது என்றேன்.

மூன்றாவது கடிதம் சின்னது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

தந்தி வந்தபோது பத்தாவது சமையல் அடுப்பில் இருந்தது. தந்திக்காரரிடம் வாசலிலேயே நான் வாங்கிக்கொண்டேன். இங்கிலீஷில் இரண்டு வரி. குழம்பு இறக்கும் பக்குவம். கொஞ்சம் போனால் வெயில் கூரைக்கு மேல் ஏறிவிடும். அதனால் படத்தை எடுத்து முடித்து, அளவுகளை எழுதிக்கொண்டு, அதன் பிறகு படித்துச் சொன்னேன். அரைமணி தாமதத்தால் இறந்தவனுக்கு என்ன நஷ்டம்? தந்தியில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே மிச்சம் இரண்டுக்கும் அவளைக் கூப்பிட்டேன். கை வேலை இருந்தால் மனசுக்கு ஆறுதல் என்றேன். வந்து சமைத்தாள். பனங்கிழங்கில் உப்பு போட மறந்துவிட்டாள். எழுதும்போது நான் சேர்த்துக்கொண்டேன்.

மார்கழியில் கள்ளிக்குப்பம் செங்கல்வராயன் பட்டாளத்திலிருந்து திரும்பினான். அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரன் அவன்தான். நேராக அங்கம்மா வீட்டுக்குப் போனான்.

"பாஸு அனுப்பிகீறேன், மூணு காயிதம் எய்திகீறேன். ஒரு எட்டு வந்திருக்கக் கூடாதா தங்கச்சி? வாசப்பக்கமே பாத்துகினு கெடந்தான். போட்டோ வந்திச்சா, போட்டோ வந்திச்சான்னு என் உசுர வாங்கினான்."

அவள் கத்தவில்லை. என் வீட்டுக்கு வந்து எதிரில் நின்றாள்.

"இன்னாத்துக்கு தாட்சா?"

எழுதிக்கொண்டிருந்த தாள்களை அடுக்கி வைத்தேன்.

"எனக்குக் கண்ணு கீது, எழுத்துத் தெரியாது. உன் வாயத்தானே பாத்துகினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நடந்தே போயிருப்பேனே."

பூனாவுக்கு நடந்து போக முடியாது. அதை அவளிடம் சொன்னேன்.

விரோதமா என்று கேட்டீர்கள். இல்லை. அவளைப் போல ஒருத்தி எனக்கு உறவிலும் இல்லை. பொறாமையா என்றீர்கள். பட்டம் வாங்கியவள் கைநாட்டுக்காரியைப் பார்த்து எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? அவள் போயிருந்தால் மட்டும் அவன் பிழைத்திருப்பானா என்பதை டாக்டரைக் கேளுங்கள். போயிருந்தால் என் எழுத்து நின்றிருக்கும் என்பது நிச்சயம். ஒன்று சந்தேகம், ஒன்று நிச்சயம். படித்தவள் வேறெப்படி முடிவு செய்வாள்?

கடிதங்களை மறைத்தவள் நான். பாஸை எரித்தவள் நான். பொய்ப் பதில் எழுதியவளும் நானே. கையெழுத்துப் போடுகிறேன், எங்கள் குடும்பத்தில் அது எனக்குத்தான் வரும்.

பன்னிரண்டையும் சேர்த்துப் புத்தகமாகப் போடப்போவதாகப் பத்திரிகைக்காரர்கள் நேற்று எழுதியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் அங்கம்மா அக்காவுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, நான் படித்துக் காட்டுவேன்.