சீனித்தாய் தேடின படி

ரொம்ப காலத்துக்கு முந்தி, எங்கப்பாவுக்கு மீசை மொளைக்கிறதுக்கும் முந்தி நடந்ததாம். வெள்ளூரணி டவுன்ல, மேலத்தெருவுல சீனித்தாய்னு ஒருத்தி இருந்தா. எங்க தாத்தாவுக்கு அத்தை.

மண்ணு ரோட்டு மேல கப்பிக்கல்லு போட்டாங்களாம். கல்லு மேல தாரு. தாரு மேல தாரு. அதுக்கு மேலயும் தாரு. ஒவ்வொரு தடவையும் நம்ம சனம் என்ன செஞ்சுச்சு? ரோலருக்கு மாலை போட்டுத் தேங்கா ஒடச்சுச்சு. "ரோடு ஒசந்தா ஊரு ஒசரும்"னு ஒரே கும்மாளம். கூறுகெட்ட சனம்! ரோடு ஒசந்துச்சு, வீடு பள்ளத்துல போச்சு. மூணு படி ஏறிப் போன வீட்டுக்குள்ள எறங்கிப் போற மாதிரி ஆயிருச்சு.

சீனித்தாய் புருசன் கருத்தபாண்டிக்கு இடுப்புக்குக் கீழ வெளங்காது. தரையிலதான் படுக்கை. ஒரு ஐப்பசியில மழைத்தண்ணி உள்ள வந்து அவரு காது வரைக்கும் ஏறிருச்சாம். இவ ஓடியாந்து தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டே கெடந்தாளாம்.

அடுத்த ஐப்பசி வரப்போகுது. அதுக்குள்ள மறுபடி ரோடு. தெரு முக்குல தார் கொதிக்குது. ரோலர் வருது. இவளுக்கு இருப்புக் கொள்ளல. உள்ள போறா, வெளிய வாரா. உள்ள போறா, வெளிய வாரா. எடுத்தா கடப்பாரைய. வாசலுக்கு முன்னால போட்டா ஒரு போடு!

கண்ட்ராக்டர் ஓடியாந்தாராம். "ஏ பொம்பள! சர்க்கார் ரோட்டையா தோண்டுற?"

"ரோட்ட யாரு தோண்டுனா? எம் படியத் தேடுறேன் சாமி. மூணு படி இருந்துச்சு. ஒங்க ரோடு முழுங்கிருச்சு."

ரோலர் வருது. இவ தோண்டுறா. ரோலர் வருது. இவ தோண்டுறா.

"நசுங்கிச் சாவ, தள்ளு!"

"அவரு தண்ணியில சாகறதப் பாக்குறதுக்குப் பதிலா நான் இதுல சாகறேன்."

நாலடி தள்ளி நின்னுச்சாம் ரோலர். டணார்னு ஒரு சத்தம். கல்லு! மூணுல மேல இருந்த படி தட்டுப்பட்டுருச்சு. தேங்கா ஒடச்ச சனத்துக்கு வெக்கமாப் போச்சு. அவங்கவங்க வீட்டு மம்பட்டிய எடுத்துட்டு வந்துட்டாங்க. அந்திக்குள்ள தெரு பூராவும் படி வெளிய வந்துருச்சாம். பழைய ரோட்டப் பேத்து எடுத்துட்டுத்தான் புது ரோடு போட்டாங்க.

அந்த ஐப்பசியில அஞ்சு நாள் அடைமழை. தண்ணி ரெண்டாம் படியோட நின்னுச்சாம். கருத்தபாண்டி காஞ்ச பாயில படுத்து மழைய வேடிக்கை பாத்தாராம்.

இன்னைக்கும் மேலத்தெருவுல ஜல்லி வந்து எறங்குனா, வீட்டுக்கு வீடு கீழ்ப்படியில மஞ்சக்கோடு இழுப்போம். அதுக்கு மேல தார் ஏறக் கூடாது. புதுசா வந்த இஞ்சினீயரு, "எதுக்கு இந்தக் கோடு?"ன்னு கேப்பாரு.

"அதுக்கு மேல ஒரு மனுசன் படுத்திருக்காருய்யா"ன்னு சொல்லுவோம்.