உள்ளிட்ட ஏழு பேர்

தாய்மார்களே, எந்திரிச்சுடாதீங்க... ஒரு பொம்பளையோட பொறாமையைப் பத்திக் குட்டிக் கதை ஒண்ணு இருக்கு. சொல்லிட்டு முடிச்சுக்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு. தேர்தலே வைக்காம பதிமூணு வருஷமா ஒரு தளபதி நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். "தேர்தல் நடத்து"ன்னு நோட்டீஸ் குடுத்த ஏழு பேர் ஜெயில்ல. நோட்டீசை எழுதினவர் வக்கீல் தேவசகாயம். அச்சடிச்சவர் பிச்சையா. ஒரே நோட்டீஸ், ஒரே வழக்கு, ஒரே ஜெயில்!

வியாழக்கிழமை, உள்ளே இருக்கிறவங்களை மனு போட்டுப் பார்க்கிற நாள். வக்கீல் சம்சாரம் ரெஜினாவும், பிச்சையா சம்சாரம் பவுனம்மாவும் கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்கிறாங்க. வக்கீல் வர்றார்... துவைச்ச சட்டை. கையில ஒரு கட்டுக் கடுதாசி. உக்கார ஸ்டூலு வேற! பின்னாடியே பிச்சையா வர்றார்... கன்னம் வீங்கியிருக்கு. முன்பல்லு ரெண்டைக் காணோம்.

பவுனம்மாவுக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க! வெளியே வந்ததும் ரெஜினாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் ஜெயிலுக்குப் போனாரா? என் வீட்டுக்காரரு என்ன, விருந்துக்கா போனாரு? உங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுதுக்கா!"

வாசல்ல நின்ன வார்டன் சிரிச்சான். "ஏம்மா, வக்கீலைத் தொட்டா நாலு நாட்டுலேர்ந்து கடுதாசி வந்து குவியுது. மேலதிகாரி என் தோலை உரிக்கிறாரு. உன் ஆளைத் தொட்டா... கேக்க யாரு இருக்கா?"

ரெஜினா வீட்டுக்குப் போனாங்க. தன் புருஷனுக்கு எழுதுன அத்தனை பேருக்கும் ஒரே வரி எழுதினாங்க: "இனிமே பிச்சையாவுக்கு எழுதுங்க."

ஒரு மாசம் கழிச்சு... பிச்சையா கையில கடுதாசிக் கட்டு! கன்னத்துல வீக்கம் இல்ல. பவுனம்மாவுக்கு நிம்மதியா? அதான் இல்ல! "யாருங்க இந்தக் கோமளா? பூப்படம் போட்டு உங்களுக்கு எதுக்கு அன்பு அனுப்புறா?" சிரிக்காதீங்க... அப்படிப் பொறாமைப்படக்கூட ஒரு கொடுப்பினை வேணும்யா.

ஆனா ஸ்டூலு ஒண்ணுதான், அது இப்ப பிச்சையாவுக்கு. அன்னிக்கு வக்கீல் நின்னுக்கிட்டே பேசினார். ரெஜினா அந்த ஸ்டூலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் எரிஞ்சிருக்கும். மனுஷிதானே!

இப்ப எனக்குப் பின்னாடி தொங்குற பேனரைப் படிங்க. சத்தமா! "வக்கீல் தேவசகாயம் உள்ளிட்ட ஏழு பேரை விடுதலை செய்!" எழுதினவன் யாரு? நான்தான். இடம் பத்தாதுன்னு ஆறு பேரை ஒரு வார்த்தைக்குள்ள அடைச்சவன் நான். பிச்சையா பல்லு போனதுல எனக்கும் பங்கு இருக்குய்யா...

யாருக்காகக் கேக்க ஆள் இருக்கோ, அவன் மேல கை வைக்க ஜெயில்காரன் பயப்படுறான். அவ்வளவுதான் விஷயம். மேசையில தபால் அட்டை வச்சிருக்கோம். ஏழு பேருக்கும் எழுதுங்க. ஒருத்தர் பேரை விட்டாலும், அந்த வாசல்ல ஒரு பொண்ணு வயிறெரிஞ்சு நிப்பா.

அந்த பெயிண்டைக் கொண்டாங்கப்பா. ஏழு பேரையும் எழுதிட்டுத்தான் நான் மேடையை விட்டு இறங்குவேன். நூர்தீன், சண்முகவடிவு, மாசிலாமணி, ஜோதிமுத்து, கதிரேசன், தேவசகாயம்... எல்லார் பேரும் வரும். ஆனா முதல்ல யாரு? சொல்லுங்க... ஜெயில் வரைக்கும் கேக்கட்டும்...

பிச்சையா!