பதில் சொல்லாத கூண்டு

கொஞ்சம் பொறுங்கள் சார், அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுவிடுகிறேன். பாதியில் விட்டால் கசக்கிவிடுவாள்.

ஆயிற்று. அவளுக்குக் காது மந்தம், உங்கள் விசாரணையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

எங்களுடையது குப்பைக்காரக் குடும்பம். விண்வெளியில் செத்துப்போன செயற்கைக்கோள்களைப் பிடிக்கும் இழுவைக்கலத்தை நான் தரையிலிருந்து ஓட்டுகிறேன். தம்பி மேலே விண்வெளி நிலையத்திலேயே தங்கி, ஒற்றையாள் கூண்டில் சுற்றி, உதவுகிற தகடுகளை வெட்டி உருக்க அனுப்புவான். மீதியை நான் காற்றுமண்டலத்துக்குள் தள்ளுவேன், எரிந்துபோகும். "நீ உக்காந்து கூட்டுற, நான் தொங்கிக்கிட்டு கூட்டுறேன். ரெண்டும் ஒரே தொடப்பம்தாண்ணே" என்பான்.

அன்றைக்கு அவன் கூண்டின் ஆண்டெனா முறிந்து, கூண்டே தடம் மாறிப் போய்விட்டது. கண்டுபிடிப்பதற்குள், கணக்குப்படி, உள்ளே காற்று தீர்ந்திருந்தது. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் சொல்லாதது குப்பை. மற்ற செயற்கைக்கோள்களின் பாதையில் குறுக்கிட்டதால் கூண்டைக் கீழே தள்ளச் சொன்னார்கள். வேறு ஆளைப் போடுவதாக மேலதிகாரி சொன்னார். "என் தம்பி சார், நானே பண்றேன்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியே சுற்ற விட்டிருந்தால், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அம்மா ஆயுசு முழுக்க மொட்டைமாடியில் அண்ணாந்து நின்றிருப்பாள். பெற்றவளுக்கு அந்தத் தண்டனை எதற்கு?

கிட்டே போனபோது கேமராவில் கூண்டின் சன்னல் தெரிந்தது. உள்ளே கைவிளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. வெயில் பட்டு மினுங்குகிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களிடம் சொன்னேன். தம்பி சிக்கனக்காரன். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழித்திருப்பான்.

நிலையத்துக்கு இழுத்துப் போயிருக்கலாம். வழியில் திணறுவானே என்று தோன்றியது. கீழே தள்ளினால் சட்டென்று முடிந்துவிடும். தள்ளினேன். கூடப் பிறந்தவன் செய்யக்கூடிய உதவி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆண்டெனா எப்படி முறிந்தது என்று கேட்கிறீர்கள்.

என் கலத்தின் கைதான் இடித்தது. டீயைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி வந்து சொன்னால் என் வேலை போகும். அம்மாவை யார் பார்ப்பது?

இடித்ததும் ஆண்டெனா விழுந்துவிடவில்லை. ஒரு மூச்சு நேரம் தொங்கியது. அதற்குள் தம்பி பேசினான். அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டேன். அவன் சொன்னது இவ்வளவுதான்:

"பதறாதண்ணே. நான்தான் குறுக்க வந்தேன்னு சொல்லிக்கறேன்."