துடைக்காமல் கைமாறிய பக்கம்

பரிசோதனைக்கூடத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் பெண்ணை ஆறு நாளாகக் காவலில் வைத்திருப்பது தவறு. நோயாளிகளின் விவரத்தை அவர் வெளியே கொடுக்கவில்லை. கொடுத்தது எங்கள் நிறுவனத்தின் மென்பொருள். அது அப்படிச் செய்யக்கூடும் என்று எனக்கும் என் மருமகனுக்கும் முன்பே தெரியும்.

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது அறுபத்தெட்டு. படிப்பு பத்தாம் வகுப்பு. டிவி பழுதுபார்க்கும் கடையில் இருந்தபோது கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலின் நிரலை நானாகவே படித்துக் கற்றேன். பத்தொன்பது வருடமாக இந்த நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே என்னை ஆணி என்று கூப்பிடுவார்கள், அடித்த இடத்தை விட்டு நகராததால். என் குழுவின் தலைவர் என் ஒரே மகளின் கணவர்.

சுருக்கமாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். வேலையைச் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல முடியாது. ஒரு பெரிய கணினியைப் பல சிறிய கணினிகள்போல நடக்கவைத்து ஒவ்வொன்றையும் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். இப்படிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். அது நினைவகத்தை 4096 பைட் அளவுள்ள பக்கங்களாக வெட்டிக் கொடுக்கும். ஒருவர் திருப்பித் தந்த பக்கத்தை முழுவதும் துடைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கூடமும் ஒரு மரச்சாமான் கடையும் எங்களிடம் ஒரே கணினியில் குடியிருந்தன. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

எழுபத்தொன்பது நாளுக்கு முன் புதிய பதிப்பு தயாரானது. எல்லாச் சோதனையும் தேறியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் சோதனைக் கணினியில் நினைவகம் தாராளமாக இருப்பதால், திருப்பித் தந்த பக்கம் அன்றைக்கு இன்னொருவர் கைக்குப் போகவே போகாது. பிறகு எப்படித் தப்பு தெரியும்? ஆகவே அன்றே நினைவகத்தைக் குறுக்கி நானே ஒரு சோதனை எழுதினேன். ஒருவர் பக்கம் முழுக்க ஒரே எண்ணை நிரப்பித் திருப்பித் தருவார், அடுத்தவர் வாங்கிப் படிப்பார். நானூறு தடவை ஓட்டியதில் பதினொரு தடவை பழைய எண் அப்படியே இருந்தது.

ஒரு சோதனை விழுந்தால் இன்னும் இரண்டு தடவை ஓட்டி, ஒன்றில் தேறினால் தேறியதாக எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த விதியின்படி என் சோதனை ஒவ்வொரு நாளும் தேறியது. பக்கத்து மேசைக்காரர், "ஆணி, உங்க டெஸ்டுக்கு இன்னைக்கு மூடு எப்படி?" என்று தினமும் கேட்டார். அதன் பிறகு நான் மருமகனின் அறைக்குப் போய், பதிப்பை நிறுத்தச் சொன்னேன்.

"நானூறுல பதினொண்ணு, மாமா. அதுக்காக எல்லாரையும் நிறுத்தச் சொல்றீங்க. மூணு தடவை விதியே நீங்க எழுதினதுதானே?"

அது உண்மை. பதினான்கு வருடத்துக்கு முன் நான்தான் எழுதினேன்.

"நெட்வொர்க்குக்கு எழுதினேன், மாப்பிள்ளை. நெட்வொர்க் லேட்டாகும், திரும்பக் கேட்டுப் பாக்கலாம். பக்கத்தைத் துடைச்சிருக்கணும், இல்லன்னா துடைக்கல. அதுல மூணு தடவை என்ன கேக்குறது?"

அவர் என் சோதனையை, சில நேரம் விழும், ஆனால் கண்டுகொள்ள வேண்டாத சோதனைகளின் பட்டியலில் சேர்த்தார். பதிப்பு வெளியானது. நான் நிறுவனத் தலைவருக்கு எழுதியிருக்கலாம். மகளை நினைத்து எழுதவில்லை.

பதிப்பு வெளியான இருபத்து மூன்றாம் நாள், மரச்சாமான் கடையின் பில் போடும் மென்பொருள் நின்றுபோய், அந்த நேரத்து நினைவகத்தை ஒரு கோப்பாகச் சேமித்தது. அதில் முன்பின் தெரியாத ஒன்பது பேரின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. கடைக்காரர் கோப்பை எங்களுக்கு அனுப்பிக் கேட்டார். எங்கள் பக்கம் குறை இல்லை என்று மருமகன் பதில் எழுதினார். அதன் பிறகு கடைக்காரர் காவல் நிலையத்துக்குப் போனார். அந்த ஒன்பது பேரும் அந்தப் பரிசோதனைக்கூடத்தின் நோயாளிகள், அவர்கள் விவரத்தை அங்கே அன்று திறந்தவர் தட்டச்சுப் பெண் ஒருவரே. போன வருடம் அவர் அதே கடையில் ஒரு கட்டில் வாங்கியிருக்கிறார். காவல் துறைக்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது.

அவரைக் கைதுசெய்த மறுநாள் அவருடைய தம்பி எங்கள் அலுவலக வரவேற்பறைக்கு வந்தார். பார்க்க யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். கையில் அக்காவின் படிக்கும் கண்ணாடி இருந்தது, நிலையத்தில் வாங்கிக்கொள்ளவில்லையாம். அதன் பிறகு நான் அந்தக் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். நோயாளிகளின் விவரம் ஒரு பெயரின் நடுவில் தொடங்கி, ஒரு எண்ணின் நடுவில் முடிகிறது. மொத்தம் 4096 பைட், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருடுகிறவர் பாதிப் பெயரிலிருந்து திருட மாட்டார். நிரலையும் படித்துக் காரணத்தைக் கண்டேன். நினைவகம் தட்டுப்பாடாகும்போது கணினியின் இரண்டு பிராசசர்கள் ஒரே பக்கத்தைத் தொட்டால், மற்றது துடைத்திருக்கும் என்று இரண்டுமே விட்டுவிடுகின்றன.

இதை மருமகனிடம் காட்டினேன். அன்று மாலையே என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. அதன் பிறகு அவர் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அந்தம்மாவுக்கு எப்படியும் ஜாமீன் கிடைச்சிடும், மாமா. நான் மாட்டினா எனக்குக் கிடைக்காது."

மகள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "போலீசுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் இங்கே வந்தேன்.

இனி செய்ய வேண்டியவை. விசாரணை அதிகாரி அந்தக் கோப்பில் உள்ள பைட்டுகளை என் எதிரில் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியதும் அந்தப் பெண்ணை விடுவிக்கும்படி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும், கண்ணாடியை அதற்காகக் காத்திராமல் அவர் தம்பியிடம் வாங்கி இன்றே கொடுக்க வேண்டும். என் நானூறு ஓட்டங்களின் பதிவு அலுவலக சர்வரில் இருக்கிறது. தொண்ணூறு நாளானால் தானாக அழிந்துவிடும், மீதி பதினொரு நாள். அதைக் கைப்பற்ற வேண்டியது காவல் துறை. பழைய பதிப்புக்குத் திரும்பி, ஒரே கணினியில் குடியிருந்த எல்லா வாடிக்கையாளருக்கும் தெரிவிக்க வேண்டியது நிறுவனத் தலைவர். மூன்று தடவை விதியை நீக்க வேண்டியது நான். என்னை ஒரு மணி நேரம் உள்ளே விட்டால் போதும், பக்கத்தில் ஒரு காவலர் நிற்கட்டும்.

மருமகனைக் கைதுசெய்ய வேண்டாம் என்று இதில் கேட்கும்படி என் மகள் சொன்னாள். நான் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டாள் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அதிகாரி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் பத்தியில் 'தெரிந்திருக்கலாம்' என்று எழுதியிருந்த இடத்தைத் 'தெரியும்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளது நான் சொன்னதும் நடந்ததும்தான். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் அனுப்பவும் இல்லை.

(கையெழுத்து)