மூணு தடவை கடந்துபோன ரைன் நதி

கைதட்டலைக் கொஞ்சம் கையிலேயே வச்சிருங்க... ஒரு சின்னச் சம்பவம் சொல்றேன், கேட்டுட்டுத் தட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. நம்ம நடையாளர் சங்கத்து ஆளுங்க தினமும் மைதானத்தைச் சுத்தறவங்க. ஊர் சுத்தற கதை உங்களுக்குப் பிடிக்காமலா போகும்?

கனகசபாபதின்னு என் சிநேகிதர். மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி திலகவதி டீச்சர், முப்பத்தோரு வருஷம் புவியியல் நடத்தினவங்க. ரெண்டு பேரும் ஐரோப்பா போறதுன்னு முடிவாச்சு. அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "என்னங்க, கொலோன்னு ஒரு ஊரு. அங்க ரைன் நதி போகுது. இத்தனை வருஷமா நீல சாக்பீஸால போர்டுல வரைஞ்சிருக்கேன். நிஜத்துல அது என்ன நிறம்னு கரையில உக்காந்து பாக்கணும்."

அவ்வளவுதான்! நகை கேட்டாங்களா? பட்டுப்புடவை கேட்டாங்களா? ஒரு ஆத்தைக் கேட்டாங்க! இவர் என்ன சொன்னார்? "அதெல்லாம் பிளான்ல வந்துரும் திலகா!"

பிளான்... அடடா, அந்தப் பிளான் இருக்கே! ஒன்பது நாள், ஏழு ஊரு, எல்லாம் ரயில்ல. ஏன் ஏழு? சம்பந்தி போன வருஷம் ஆறு பாத்துட்டு வந்துட்டார்! சிரிக்கிறீங்க... உங்க சம்பந்தி எத்தனை பாத்தார்னு மனசுக்குள்ள எண்ணிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

மேஜையில ஒரு பக்கம் ரயில் நேர அட்டவணை. இன்னொரு பக்கம்... என்ன இருந்திருக்கும், சொல்லுங்க? பஞ்சாங்கம்! சூலம் பாக்காம ஸ்ரீரங்கத்துக்குக்கூட பஸ் ஏற மாட்டார் மனுஷன். ஐரோப்பான்னா விட்டுருவாரா?

வியாழக்கிழமை ஆம்ஸ்டர்டாம்ல இருந்து ப்ரஸ்ஸல்ஸ் போகணும். நேர் தெக்கே, ரெண்டு மணி நேரம். ஐயோ... வியாழக்கிழமை தெக்கே சூலம்! ஆகாது! என்ன பண்ணார்? பயணத்தையே கிழக்கால திருப்பி, ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போட்டுட்டார். "அது தென்கிழக்கு இல்லையா?"ன்னேன். "மூலைக்கெல்லாம் சூலம் கிடையாது சார்!" சரி... வெள்ளிக்கிழமை ப்ரஸ்ஸல்ஸுக்குத் திரும்பலாமா? மேக்கே சூலம்! அங்கேயே உக்காரு! சனிக்கிழமை மேக்கால ப்ரஸ்ஸல்ஸ். ஞாயித்துக்கிழமை மறுபடியும் கிழக்கால. அந்த ஊரு டிக்கெட் பரிசோதகர் என்ன நினைப்பார்? "யாருய்யா இவரு, என்னைவிட அதிகமா டியூட்டி பாக்கறாரு?"

அன்னிக்கு நான் அவங்க வீட்லதான் காபி குடிச்சிட்டிருந்தேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பிளான் எழுதின தாளை வாங்கினாங்க. ஐரோப்பா வரைபடம் அவங்களுக்கு மனப்பாடமாச்சே! மேஜைமேலயே விரலால கோடு இழுத்துப் பாத்தாங்க. மெதுவாக் கேட்டாங்க. "என்னங்க... வியாழக்கிழமை ரயில் கொலோன் வழியாத்தான் போகுது. சனிக்கிழமையும் கொலோன் வழி. ஞாயித்துக்கிழமையும். மூணு தடவை போறோம்... ஒரு தடவைகூட இறங்கலையே?"

இவர் சளைக்கலை. "அதான் ரயிலே ஆத்துப் பாலத்து மேல போகுதே திலகா! ஒரு தடவை கேட்டே, மூணு தடவை காட்டறேன்! ஜன்னல் சீட்டு உனக்குத்தான்!"

எப்படி...? பெரிய மனசு, இல்ல?

டீச்சர் முகம் சுண்டிப் போச்சு. "பாலம் தாண்ட ஒரு நிமிஷம் ஆகுமா? இந்த வயசுல இன்னொரு தடவை அங்க போகப்போறோமா? ஜன்னல்ல பாக்கறதுக்கா நான் கேட்டேன்?" நான் காபி டம்ளரைக் கீழ வச்சுட்டேன். நானே இந்த மாதிரி எத்தனை பேருக்கு ஜன்னல் சீட்டு குடுத்திருக்கேனோன்னு இருந்துச்சு.

டீச்சர் பஞ்சாங்கத்தை எடுத்து அவர் முன்னாடி வச்சாங்க. "வியாழன், சூலம் தெற்கு... பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கே, அதையும் படிங்க."

அவர் படிச்சார். "பரிகாரம்... தைலம்."

டீச்சர் நேரா அலமாரிக்குப் போனாங்க. நீலகிரி தைலம் பாட்டிலைத் திறந்தாங்க. ரெண்டு சொட்டை அவர் நெத்தியில பளிச்சுன்னு தேச்சாங்க. "இப்ப தெக்கால போலாமா?"

கண்ணுல தண்ணி வழிய, "போலாம்..."

அவ்வளவுதாங்க! வியாழக்கிழமை நேரா ப்ரஸ்ஸல்ஸ். வெள்ளிக்கிழமை கிழக்கால கொலோன், சூலமே இல்ல. சனிக்கிழமை முழுசா மிச்சம்! இவருக்குக் கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்தார். "சனிக்கிழமைக் கட்டத்துல என்ன எழுதட்டும் திலகா? பெரிய சர்ச் ஒண்ணு இருக்கு, ரெண்டு மியூசியம்..." டீச்சர் சொன்னாங்க. "ஒண்ணும் எழுதாதீங்க. நான் ஆத்தங்கரையில உக்காரப் போறேன். நீங்களும் வாங்க. பேசாம உக்காருங்க."

இதை எதுக்குச் சொல்றேன்? சூலம் பாக்காதீங்கன்னா? தாராளமாப் பாருங்க! ஆனா ஒரு கேள்வி... அந்தப் பரிகாரம் அதே பக்கத்துலதானே இருந்துச்சு? அவர் கண்ணுல ஏன் படலை? கெட்டவரா அவரு? இல்லவே இல்ல. ப்ரஸ்ஸல்ஸ் அவரோட ஆசை. அதுக்காகச் சுத்தோ சுத்துன்னு சுத்தி ஒரு வழி கண்டுபிடிச்சார். ஆறு, அந்தம்மாவோட ஆசை. அதுக்கு ஜன்னலே போதும்னு விட்டுட்டார். நாம எல்லாருமே அப்படித்தான்யா... நம்ம ஆசைக்குப் பரிகாரம் தேடுவோம், அடுத்தவங்க ஆசைக்குச் சூலம் பாப்போம்!

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்க. "நீ ரொம்ப நாளா ஒண்ணு கேட்டுட்டிருந்தியே... அது என்ன?"ன்னு. முதல்ல ஒரு முறை முறைப்பாங்க. ஓடிராதீங்க... நின்னு, பதிலைக் கேட்டுட்டு வாங்க.